எழுதியவர் இருக்கும்போதே

2025 அக்டோபர் 14-ஆம் திகதி விண்டோஸ் 10-க்கான ஆதரவை மைக்ரோசொஃப்ட் நிறுத்தியது. அன்று எந்தக் கணினியும் நின்றுவிடவில்லை. மறுநாள் காலை சிட்னியின் வென்ட்வேர்த்வில்லிலும் மெல்பேர்னின் டன்டினோங்கிலும் அதே கணினிகள் அதே மந்த வேகத்தில் எழும்பின. யூடியூப்பில் அதே தேவாரம் ஓடியது. ஆனாலும் அந்தத் திகதியை ஒட்டிய மாதங்களில் எங்கள் வட்டாரத்தில் ஏராளமான கணினிகள் இடம்பெயர்ந்தன. சில பேரப்பிள்ளைகளின் அறைக்குப் போயின. சில கராஜுக்குள் ஒதுங்கின. சில, மாநகரசபை பழைய சாமான் ஏற்றும் நாளுக்காக, வாசல் புல்தரையில் மெத்தைகளோடும் கால் உடைந்த கதிரைகளோடும் கிடந்தன.

கணினித் துறையில் சம்பளத்துக்கு வேலை செய்பவனுக்கு எங்கள் சமூகத்தில் சம்பளமில்லாத வேலை ஒன்றும் சேர்ந்தே வரும். கோயிலில் கண்டாலும் செத்தவீட்டில் கண்டாலும் "தம்பி, ஒருக்கா வந்து பாருமன்" என்பார்கள். அப்படி வீடு வீடாகப் போய்ப் பழகிய திரை ஒன்று உண்டு: கணினி விண்டோஸ் 11-க்குத் தகுதியானதா என்று சோதிக்கும் மைக்ரோசொஃப்ட்டின் சிறு நிரல். அதன் தீர்ப்பைப் பார்க்கும்போதெல்லாம் அவுஸ்திரேலியக் குடிவரவின் புள்ளி முறைதான் ஞாபகம் வரும். எவ்வளவு நன்றாக வேலை செய்கிறீர் என்று அங்கே யாரும் கேட்பதில்லை. 45 வயதைத் தாண்டிவிட்டீரா என்றுதான் முதலில் பார்ப்பார்கள். கணினிக்கு அந்த எல்லை ஏறத்தாழ 2017, இன்டெலின் எட்டாம் தலைமுறைச் செயலிகள் சந்தைக்கு வந்த ஆண்டு. அதற்கு முந்தியவற்றுக்கு, மிகச் சில விலக்குகள் தவிர, வாசல் திறக்காது. டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும் வேண்டும்.

மைக்ரோசொஃப்ட்டின் பக்கம் நியாயம் இல்லை என்று சொல்ல மாட்டேன். விண்டோஸ் 10 வெளிவந்தது 2015 ஜூலை 29-இல். பத்து ஆண்டுக்கு மேல் இலவசமாகத் திருத்தங்கள் வந்துகொண்டிருந்தன. திருத்தம் நின்றபின் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகள் ஓட்டைகளாகவே இருக்கும். எங்கள் பெரியவர்கள் வங்கி, அரசின் மெடிகேர், மைகவ் எல்லாவற்றையும் பார்ப்பது இந்தத் திரையில்தான். அதே நேரம், விண்டோஸ் 10-தான் விண்டோஸின் கடைசிப் பதிப்பு என்று 2015-இல் ஒரு மாநாட்டு மேடையில் சொன்னவரும் அந்த நிறுவனத்தின் ஊழியர்தான். இந்த மாற்றத்தால் உலகில் 24 கோடி கணினிகள் குப்பைக்குப் போகலாம் என்று கனாலிஸ் என்ற ஆய்வு நிறுவனம் மதிப்பிட்டது. மின்கழிவைக் குப்பைமேட்டில் புதைப்பதை விக்டோரியா மாநிலம் 2019 ஜூலையில் தடைசெய்துவிட்டது. ஆக அவை எங்கோ பிரித்தெடுக்கப்படவும் வேண்டும். எதிர்ப்பு எழுந்தபின் 2026 அக்டோபர் 13 வரை ஓராண்டு நீட்டிப்பு வந்தது. ஐரோப்பியருக்கு அது இலவசம். எங்களுக்கு 30 அமெரிக்க டொலர், அல்லது கணினியின் அமைப்புகளை அவர்களுடைய மேகக் கணக்கில் பதிய ஒப்புதல்.

இவை எல்லோருக்கும் பொதுவான விஷயங்கள். எல்லா மொழியிலும் எழுதப்பட்டவை. எனக்குச் சொல்ல இருப்பது வேறு. அது பென்டில் ஹில்லில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரின் மேசையில் இருந்தது.

மாஸ்ரர் யாழ்ப்பாணத்தில் தட்டச்சு வகுப்புக்குப் போனவர். 'யளனகப' என்று விரல்களைப் பழக்கிய தலைமுறை. அவருடைய கணினிக்கும் அந்தத் தீர்ப்பே கிடைத்தது.

"நல்லாத்தானே ஓடுது தம்பி. ஏன் எறியச் சொல்லுறான்?"

"ஓடுறது வேற, பாதுகாப்பா ஓடுறது வேற, மாஸ்ரர்."

"அது சரி. ஆனா என்ர எழுத்தெல்லாம் உதுக்குள்ளதான் கிடக்கு."

"அதெல்லாம் புதுசுக்குக் கொண்டு போகலாம்."

சொல்லிவிட்டுக் கோப்புகளைத் திறந்து பார்த்தேன். ஊர்ச் சங்க மலர்களுக்கான கட்டுரைகள், பழைய மாணவர் ஒன்றுகூடலுக்கு எழுதிய நாடகங்கள், ஊரில் இருந்த மனிதர்களைப் பற்றிய சிறு குறிப்புகள், அந்தியேட்டிக்கு அச்சடிக்கும் கல்வெட்டுகள். செத்தவருடைய வம்சாவளியும் பிறந்த ஊரின் வரலாறும் சேர்ந்த அந்தக் கல்வெட்டுகளில் பெரும்பாலானவை வேறு குடும்பங்களுக்காக அவர் எழுதிக் கொடுத்தவை. எல்லாம் பாமினி என்ற எழுத்துருவில்.

பாமினி என்ன செய்தது என்பதை இளையவர்களுக்கு விளக்கியாக வேண்டும். விண்டோஸ் 95, 98 காலத்தில் கணினிக்குத் தமிழ் தெரியாது. தெரிந்தது ஆங்கில எழுத்துகளின் எண்கள் மட்டுமே. எழுத்துருவைச் செய்தவர்கள் ஒரு தந்திரம் செய்தார்கள்: ஆங்கில எழுத்துக்குரிய இடத்தில் தமிழ் எழுத்தின் வடிவத்தை வைத்தார்கள். ஜே என்ற விசையைத் தட்டினால் திரையில் 'த' தெரியும், கே 'ம' ஆகும், பி விசிறியாகும், ஓ 'ழ' ஆகும், அரைப்புள்ளி மெய்ப்புள்ளியாகும். இவை ஐந்தையும் வரிசையாகத் தட்டினால் 'தமிழ்' என்று வரும். விசைகளின் வரிசை தமிழ்த் தட்டச்சுப் பொறியை ஒட்டியிருந்ததால் மாஸ்ரரின் விரல்களுக்குப் புதிதாகக் கற்க எதுவும் இருக்கவில்லை. ஆனால் கோப்புக்குள் சேமிக்கப்படுவது ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளிதான். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அந்த ஐந்தும் தம் சொந்த முகத்தோடு வந்து நிற்கும். தமிழ் அந்தக் கோப்பில் ஒருபோதும் இருந்ததில்லை. படிப்பவருடைய கணினியில் இருந்த எழுத்துருவில்தான் இருந்தது.

இலங்கைத் தமிழரின் உலகம் பெரிதும் பாமினியில் எழுதியது. மற்றவர்கள் வேறு வழியில் போனார்கள். மலேசியாவில் முத்து நெடுமாறன் முரசு செய்தார். சுவிற்சர்லாந்தின் லொசானில் வேதியியல் ஆய்வாளராக இருந்த கு. கல்யாணசுந்தரம் மயிலை எழுத்துருவைச் செய்து இலவசமாகக் கொடுத்தார். 1999 பெப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டிலிருந்து தாப், தாம் என்ற குறியேற்றங்கள் வந்தன. ஒருவர் எழுதியதை மற்றவர் படிக்க வேண்டுமென்றால் அவருடைய எழுத்துருவையும் கேட்டு வாங்க வேண்டியிருந்த காலம் அது.

இந்தக் கதையில் சிட்னிக்கு ஓர் இடம் உண்டு. இங்கேயே வாழ்பவர்களுக்கும் அது அதிகம் தெரியாது. 1990-களின் நடுப்பகுதியில் சிட்னியில் வாழ்ந்த மலேசியத் தமிழர் பாலா பிள்ளை தமிழ்.நெட் என்ற மின்னஞ்சல் குழுவைத் தொடங்கினார். உலகின் பல மூலைகளில் இருந்தவர்கள் தமிழ் எழுத்திலேயே ஒருவருக்கொருவர் கடிதம் எழுதிப் பார்த்தது அங்கேதான். அப்படி எழுதும்போது எல்லோருக்கும் பொதுவான குறியேற்றம் ஒன்றின் தேவை உறைத்தது. அதைச் சுற்றி நடந்த விவாதங்களில் உருவானதுதான் திஸ்கி. அரசோ பெரிய நிறுவனமோ கேட்காமல், வேலை முடிந்து வீட்டுக்கு வந்த பொறியாளர்களும் ஆய்வாளர்களும் இரவிலே உட்கார்ந்து எந்த எழுத்துக்கு எந்த எண் என்று வாதாடிச் செய்த காரியம்.

பிறகு வந்த தீர்வு அவர்களையும் தாண்டியது. அது ஓர் இயங்குதளப் புதுப்பிப்பாகவே வந்தது. எல்லா மொழிகளுக்கும் பொதுவான குறியேற்றமான யுனிகோட்டில் தமிழுக்கு 1991-இலேயே இடம் ஒதுக்கியாயிற்று. ஆனால் இடம் இருந்தால் போதாது. 'கொ' என்ற எழுத்துக்குக் கொம்பை முன்னாலும் காலைப் பின்னாலும் கொண்டுபோய் வைக்கத் தெரிந்த கணினி வேண்டும். விண்டோஸ் 2000 அதைச் செய்தது. லதா என்ற தமிழ் எழுத்துருவும் அதோடு வந்தது. விண்டோஸ் எக்ஸ்பியில் தமிழைக் காண ஒரு சிறு சடங்கு இருந்தது: மொழி அமைப்புகளுக்குள் போய், சிக்கலான எழுத்துமுறைகளுக்கான பெட்டியில் அடையாளமிட்டு, அது கேட்கும்போது எக்ஸ்பியின் குறுந்தட்டைப் போட வேண்டும். அந்தக் குறுந்தட்டைத் தேடி நண்பர் வீடுகளுக்கு அலைந்தவர்கள் இந்த நகரத்தில் பலர். அந்தப் பெட்டி அடையாளமிடப்பட்ட கணினி, பிறகு யாருடைய எழுத்துருவையும் கேட்கவில்லை.

தட்டச்சுக்கு இ-கலப்பை என்ற நிரல் வந்தது. தமிழ் வலைப்பதிவுகளின் முதல் தலைமுறையில் பாதிப் பேராவது அதில்தான் எழுதியிருப்பார்கள். அதன் தொடக்கப் பதிப்புகள் ஓடியது கீமேன் என்ற பொறியின் மேல். கீமேனை 1993-இல் லாவோ மொழியைத் தட்டச்சிடுவதற்காக உருவாக்கிய மார்க் டர்டின் ஓர் அவுஸ்திரேலியர். எங்கோ ஒரு லாவோ எழுத்துக்காகச் செய்த வேலை, மதுரையிலும் பாரிசிலும் தமிழாகத் தட்டப்பட்டது.

ஆகவே புதுப்பித்தலைத் திட்டும் கட்டுரையை என்னால் எழுத முடியாது. விண்டோஸ் 98-ஐ விட மாட்டேன் என்று பிடிவாதம் பிடித்தவர்களுக்குத் தமிழ் தாமதமாகக் கிடைத்தது. மாறியவர்களுக்கு முன்பே கிடைத்தது. மாஸ்ரரிடமும் இதைச் சொன்னேன். அவர் மறுக்கவில்லை.

"எனக்குப் பிறகு எழுதினவைக்கு நல்லதுதான். நான் முந்தி எழுதினது?"

அந்தக் கேள்விக்கு எந்தப் புதிய பதிப்பிலும் விடை இல்லை. இயங்குதளம் எப்போதும் முன்னோக்கியே தமிழைக் கற்றது. தான் கற்பதற்கு முன் தன் வழியாக எழுதப்பட்ட தமிழை அது அடையாளம் காணாது. காண வேண்டும் என்று அதற்கு யாரும் சொன்னதுமில்லை. வங்கிகளும் அரசுத் திணைக்களங்களும் பழைய நிரல்கள் ஓட வேண்டுமென்று கேட்டால் மைக்ரோசொஃப்ட் காது கொடுக்கும். ஊர்ச் சங்க மலர்கள் அப்படிக் கேட்பதில்லை. தன் கையால் கொடுத்த லதாவையே விண்டோஸ் 10-இல் இருந்து அது விருப்பத்தின்பேரில் இறக்கிக்கொள்ளும் கூடுதல் எழுத்துருக்களின் பட்டியலுக்கு ஒதுக்கிவிட்டது; நிர்மலா அந்த இடத்துக்கு வந்துவிட்டது. லதாவில் எழுதியவருக்கு நட்டமில்லை, ஏனென்றால் கோப்பில் இருப்பது தமிழ், உடைதான் மாறுகிறது. பாமினியில் எழுதியவருக்கு உடை போனால் ஆளே இல்லை.

பாமினி எழுத்துருவை விண்டோஸ் 11-இல் இன்றும் நிறுவலாம், கோப்பு தெரியும். ஆனால் ஊரின் பெயரைப் போட்டுத் தேடினால் எதுவும் அகப்படாது. கைபேசியில் திறந்தால் ஆங்கில எழுத்துக் குவியல். மகளுக்கு அனுப்பினால் "அப்பா, கோப்பு பழுதாப் போச்சு" என்பாள், அழிக்கவும் கூடும். மலர்களைப் பக்கம் அமைத்த பேஜ்மேக்கரின் கதை அதைவிட மோசம். அடோபி அதை 7-ஆம் பதிப்போடு கைவிட்டது. வாரிசான இன்டிசைனின் புதிய பதிப்புகள் அந்தக் கோப்புகளைத் திறப்பதில்லை. விண்டோஸ் 11-க்கு 64 பிட் பதிப்பு மட்டுமே உண்டு. 16 பிட் காலத்து நிரல்கள் அதில் ஓடவே ஓடா. வேர்ட் 95 கோப்புகளை இன்றைய வேர்ட் இயல்பாகவே சந்தேகத்தோடு தடுத்து நிறுத்துகிறது. ஒவ்வொரு தடையையும் தனியாகத் தாண்டலாம். எல்லாவற்றையும் தாண்டும் பொறுமை மூன்றாம் தலைமுறைக்கு இருக்குமா என்பதுதான் கேள்வி.

மாற்றி எழுதும் கருவிகள் இருக்கின்றனவே என்பீர்கள். இருக்கின்றன. ஜெர்மனியில் வாழும் சுரதா யாழ்வாணன் செய்த பொங்குதமிழ் மாற்றியைப் பயன்படுத்தாத ஈழத்து எழுத்தாளர் அரிது. பாமினியை ஒரு பக்கம் ஒட்டினால் யுனிகோட் மறுபக்கம் வந்துவிடும். அவருக்கு இந்தச் சமூகம் பட்ட கடன் பெரிது. ஆனால் மாஸ்ரரின் கோப்புகளை மாற்றும்போதுதான், கருவியால் முடியாத இடம் எதுவென்று எனக்குப் புரிந்தது.

புலம்பெயர்ந்தவரின் பக்கத்தில் இரண்டு மொழிகள் கலந்திருக்கும். தமிழ் வாக்கியத்தின் நடுவே ஆங்கிலத்தில் ஓர் ஊரின் பெயர், ஒரு பட்டம், ஒரு முகவரி. மூலக் கோப்பில் அந்தச் சொல்லுக்கு மட்டும் வேறு எழுத்துரு. வெறும் எழுத்தாக நகலெடுத்தவுடன் எது பாமினி, எது ஆங்கிலம் என்ற விவரம் அழிந்துவிடுகிறது; ஏனென்றால் அது எழுத்துருவின் பெயரில் மட்டுமே இருந்தது. கருவி எல்லாவற்றையும் தமிழாக்கிவிடும். ஆங்கிலத்தில் எழுதிய சிட்னி 'ளுலனநெல' என்று வரும். மெல்பேர்ன் 'ஆநடடிழரசநெ' ஆகும். இணையத்தில் எத்தனையோ ஈழத்துக் கட்டுரைகளின் நடுவே இந்த விசித்திரச் சொற்கள் கிடப்பதைக் கண்டிருப்பீர்கள். அவை ஒவ்வொன்றும் யாரோ அவசரமாக மாற்றி, திரும்பப் படிக்காமல் விட்ட இடம்.

இன்னும் நுட்பமான பிழைகளும் உண்டு. பாமினிக்காரர்கள் கண்ணுக்குச் சரியாகத் தெரிந்ததைத் தட்டினார்கள். காலும் ரகரமும் பார்வைக்கு ஒன்றுபோல இருந்தால் எது கைக்கு வந்ததோ அது. 'கௌரி'யில் வரும் ஔகாரக் குறியின் பின்பாதியும் ளகரமும் ஒரே வடிவம். ஆகவே மாற்றியபின் அவள் 'கெளரி' ஆகிவிடுகிறாள். தாளில் அச்சானபோது இரண்டும் ஒன்றுதான். வாசகனுக்கு வித்தியாசமே தெரியாது. தேடுபொறிக்கு அவை இரண்டு வேறு பெண்கள். தாத்தாவின் கல்வெட்டில் பாட்டியின் பெயரைத் தேடும் பேரனுக்குப் பாட்டி அகப்படமாட்டாள்.

இப்படியான இடங்களில் மாஸ்ரர் பக்கத்தில் இருந்தார். திரையில் குழம்பிய ஒரு சொல்லைக் காட்டினால் கொஞ்சம் யோசித்து, "அது அந்தாள் படிச்ச பள்ளிக்கூடத்தின்ர பேர், இங்கிலீசிலதான் போடச் சொன்னவை" என்பார். ஒரு நாடகத்தில் ஒரு பாத்திரம் பேசும் வரி முழுக்கச் சிதைந்திருந்தது. "அவன் லண்டனால வந்தவன், இங்கிலீசு கதைக்கிறான்" என்று சிரித்தார். பிறகு அந்த வரியைத் தானே சொல்லிக்காட்டினார். கோப்பில் இருந்திருக்க வேண்டிய ஏதோ ஒன்று கோப்பில் இல்லை, அவரிடம் இருந்தது. அவர் இல்லாமல் இதே வேலையை நான் செய்திருந்தால், அந்த வரியை அழித்துவிட்டு அடுத்ததற்குப் போயிருப்பேன்.

இதற்கு மெல்பேர்னில் ஒரு பெரிய சாட்சி இருக்கிறது. ஸ்பொட்ஸ்வூட்டில் உள்ள சயன்ஸ்வேர்க்ஸ் அருங்காட்சியகத்தில் சிஸ்ராக் என்ற கணினி நிற்கிறது. டிரெவர் பியர்சியும் மாஸ்டன் பியர்டும் சிட்னியில் கட்டியது. முதல் நிரல் ஓடியது 1949 நவம்பரில். ஏறத்தாழ 2,000 வால்வுகள், நினைவகத்துக்குப் பாதரசக் குழாய்கள். 1955-இல் லொறியில் ஏற்றி மெல்பேர்ன் பல்கலைக்கழகத்துக்குக் கொண்டுபோனார்கள். 1964 நவம்பர் வரை அங்கே வேலை செய்தது. ஏறக்குறைய முழுமையாக எஞ்சியிருக்கும் முதல் தலைமுறை மின்னணுக் கணினிகளில் உலகிலேயே பழையது அதுதான். அதற்கு இயங்குதளம் என்று ஒன்று கிடையாது. நிரலை எழுதியவரே நாடாவில் துளையிட்டு, அதைப் பொறிக்குக் கொடுத்து, ஒலிபெருக்கியில் வரும் சத்தத்தைக் கேட்டு ஓட்டத்தைக் கணிப்பார். அந்த ஒலிபெருக்கியில் 1951-இல் பாட்டும் வாசித்தார்கள்; கணினி வாசித்த முதல் இசைகளில் அது ஒன்று.

அந்த இசை அப்போது பதிவு செய்யப்படவில்லை. பொறியை இனி இயக்க முடியாது. துளையிட்ட நாடாக்கள் இருந்தன. ஆனால் துளைகளில் இருந்தது எந்த நேரத்தில் எந்தத் துடிப்பு என்பது மட்டுமே. அந்தத் துடிப்பு ஒலிபெருக்கியில் எப்படி ஒலித்தது என்பது நாடாவில் இல்லை. பல பத்தாண்டுகளுக்குப் பிறகு போல் டோர்ன்புஷ் என்பவர் அந்த இசையை மீட்டெடுத்தபோது, சிஸ்ராக்கோடு வேலை செய்த பொறியாளர்களும் நிரலாளர்களும் உயிரோடு இருந்தது பெரிய பலம். நாடாவும் இருந்தது, நாடாவை அறிந்த மனிதரும் இருந்தார்கள். இரண்டில் ஒன்று இல்லாதிருந்தால், இன்று அது ஓர் அருங்காட்சியகத்தின் கண்ணாடிப் பெட்டிக்குள் துளையிட்ட காகிதம்.

புதிய இயங்குதளம் கோப்புக்கும் அதை அறிந்த மனிதருக்கும் உள்ள இந்தப் பிணைப்பை இன்னும் இறுக்குகிறது. விண்டோஸ் 11-இன் 2024-ஆம் ஆண்டுப் பதிப்பிலிருந்து, புதிதாக நிறுவி மைக்ரோசொஃப்ட் கணக்கால் நுழையும் கணினிகளில் வட்டு தானாகவே பூட்டப்படுகிறது. பூட்டின் சாவி டி.பி.எம். சில்லில், மீட்புச் சாவி அந்தக் கணக்கில். கள்ளனுக்கு எதிராக இது நல்ல ஏற்பாடு. ஆனால் பழைய கணினியின் உரிமையாளர் இறந்தால் வட்டைக் கழற்றி வேறொரு கணினியில் மாட்டிப் படித்துவிடலாம். நான் அப்படிச் சில குடும்பங்களுக்கு எடுத்துக் கொடுத்திருக்கிறேன். இனி அது நடக்காது. அப்பாவின் கடவுச்சொல் தெரியாத பிள்ளைக்கும் கள்ளனுக்கும் அந்தப் பூட்டு வித்தியாசம் பார்க்காது. எங்கள் பெரியவர்களில் எத்தனை பேருக்குத் தம் கணக்கின் கடவுச்சொல் என்னவென்று தெரியும்? பேரன் போட்டுக் கொடுத்தது, பேரனும் மறந்துவிட்டான்.

மாஸ்ரரின் பழைய கணினியை நான் எறியவிடவில்லை. அதில் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டேன். லினக்ஸின் சின்னம் ஏன் பென்குயின் என்பதற்கும் ஓர் அவுஸ்திரேலியக் கதை உண்டு: 1993-இல் கன்பராவுக்கு வந்திருந்த அதன் படைப்பாளி லினஸ் டோர்வால்ட்ஸை ஒரு சின்னப் பென்குயின் கொத்தியதாம். மாஸ்ரருக்கு இந்தக் கதை பிடித்தது. அதைவிடப் பிடித்தது விசைப்பலகைப் பட்டியல். விண்டோஸின் அண்மைப் பதிப்புகளில் தமிழ் 99-உம் அஞ்சலும் உள்ளேயே வருகின்றன. அவருடைய விரல்களுக்கான விசைப்பலகை இல்லை. லினக்ஸின் பட்டியலில் இலங்கையின் ரெங்கநாதன் தட்டச்சு முறை ஒரு வரியாக இருக்கிறது. சந்தையில் இடமில்லாததை யாரோ ஒரு தன்னார்வலர் சேர்த்து வைத்திருக்கிறார். எல்லோருக்கும் இந்த வழி சரிவராது. வங்கிச் செயலிக்கும் பேரப்பிள்ளைகளின் விளையாட்டுக்கும் புதிய கணினி வேண்டியே இருந்தது, அதையும் வாங்கினார்கள்.

யாழ்ப்பாண நூலகம் எரிக்கப்பட்டதை இங்கே இழுத்துவந்து கட்டுரைக்குக் கனம் சேர்க்க எனக்கு விருப்பமில்லை. அது ஒரு குற்றம். அதற்குக் குற்றவாளிகள் உண்டு. பாமினிக் கோப்புகளுக்கு எதிரி யாரும் இல்லை. அதனால்தான் அவற்றுக்காக யாரும் கோபப்படுவதுமில்லை. எங்களுக்கு அழிப்பவனை எதிர்த்துப் பழக்கம் இருக்கிறது. எவரும் அழிக்காமலே போய்விடுகிறவற்றைக் காக்கப் பழகவில்லை. ஆனால் வழிகாட்டிகள் இல்லாமலில்லை. 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டம் தன் மின்னூல்களை மயிலையிலிருந்து திஸ்கிக்கும், திஸ்கியிலிருந்து யுனிகோட்டுக்கும் தன்னார்வலர்களைக் கொண்டே மாற்றியது. 2005-இல் தொடங்கிய நூலகம் திட்டம் ஊர் மலர்களையும் கல்வெட்டுகளையும் அச்சுத் தாளிலிருந்து மின்படியாக்கிச் சேர்த்துவருகிறது. அச்சேறியது அப்படித் தப்பும். அச்சேறாமல் கணினியிலேயே தங்கிய நாடகமும் குறிப்பும் வீட்டுக்காரர்களின் பொறுப்பு.

ஆகவே எனக்கு வேலையின் வரிசை மாறிவிட்டது. முன்பெல்லாம் புதிய கணினியை அமைத்து, கோப்புகளை ஒரே இழுப்பில் நகலெடுத்து, "எல்லாம் வந்திட்டுது" என்று சொல்லிவிட்டுத் தேநீர் குடித்துவிட்டு வருவேன். இப்போது முதலில் கேட்பது, எந்த எழுத்துருவில் எழுதினீர்கள் என்பது. பிறகு எழுதியவரைப் பக்கத்தில் இருத்தி, மாற்றிய ஒவ்வொரு பக்கத்தையும் சத்தமாகப் படிக்கச் சொல்கிறேன். அதில் கதைகள் வரும், பழைய கோபங்கள் வரும், பல பின்னேரங்கள் போகும். படித்துத் திருத்திய படியை ஒரு வீட்டில் மட்டும் வைப்பதில்லை. பிள்ளைகளுக்கும் சங்கத்துக்கும் நூலகம் திட்டத்துக்கும் போகிறது. மீட்புச் சாவி தாளில் எழுதப்பட்டுக் காணி உறுதியோடு சேர்கிறது.

விண்டோஸ் 11-க்கும் ஒரு நாள் முடிவுத் திகதி குறிப்பார்கள். அதைப் பல ஆண்டுகளுக்கு முன்பே அறிவிப்பார்கள், நினைவூட்டுவார்கள், பணம் கட்டினால் தள்ளியும் வைப்பார்கள். எழுதியவருடைய திகதியை யாரும் அறிவிப்பதில்லை. அதற்கு நீட்டிப்பும் இல்லை. இந்த இரண்டில் எதற்கு அவசரப்பட வேண்டும் என்பதில் எனக்கு இப்போது குழப்பமில்லை. இயந்திரத்தை மாற்ற ஒரு பின்னேரம் போதும். அதை எப்போது வேண்டுமானாலும் செய்யலாம்.